ஐந்து நாளுக்கு ஒரு நகரம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தில்லி–ஷாங்காய் நேரடி விமானம் 2025 நவம்பரில் மீண்டும் தொடங்கியதிலிருந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சீனப் பயணப் பேச்சு கூடியிருக்கிறது. தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கம் பெய்ஜிங், ஷாங்காய் இரண்டையும் ஐந்து நாளில் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தது. பார்க்கலாம்தான். அதில் ஒரு முழுப் பகல் பெட்டி தூக்குவதிலேயே போய்விடும்.

இரண்டு ஊருக்கும் இடையே ரயில் பாதை 1,318 கிலோமீட்டர். 2011-இல் திறந்த இந்த அதிவேகப் பாதையில் விரைவான வண்டிகள் சுமார் நாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அறையைக் காலி செய்வது, நிலையத்தில் பைகளைச் சோதனைக்கு விடுவது, இறங்கியபின் மறுபடி அறை தேடிப் போவது எல்லாம் சேர்ந்தால் எட்டு மணி நேரம் ஆகிறது. காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்டேதான் டிக்கெட். தானியங்கிக் கதவுகள் பெரும்பாலும் சீனர்களின் அடையாள அட்டைக்கு வைத்தவை என்பதால், நம் பாஸ்போர்ட்டை ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் காட்ட வேண்டிவரும். வண்டி புறப்படச் சில நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள். எட்டு நாள் கையில் இருந்தால் ஒரு நகரத்தில் இறங்கி மற்றதில் விமானம் ஏறும்படி டிக்கெட் எடுங்கள். அதற்குக் குறைவென்றால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

எங்கள் பக்கத்தாருக்கு அந்த ஒன்று பெய்ஜிங் என்பேன். சிங்கப்பூரையோ கோலாலம்பூரையோ பார்த்தவர் இல்லாத தெரு செட்டிநாட்டில் குறைவு. ஷாங்காய் டவர் 632 மீட்டர் உயரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மரீனா பே பார்த்த கண்ணுக்கு அந்த ரகம் புதிதல்ல. பெய்ஜிங்கின் அரண்மனை நகரமும் (ஃபர்பிடன் சிட்டி) பெருஞ்சுவரும் அப்படியில்லை.

1406 முதல் 1420 வரை மிங் பேரரசர் யோங்லெ கட்டிய அந்த அரண்மனையில் நம்மவர்களுக்குத் தனி ருசி உண்டு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசல்களை நேர்கோட்டில் வைக்கும் நம் வீட்டுக் கணக்கு அங்கே தெற்கு வடக்காக 961 மீட்டருக்கு ஓடுகிறது. ஊரே அந்தக் கோட்டின் மேல் அமைந்ததுதான். 7.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மைய அச்சு 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முக்கிய மண்டபங்களில் பதித்திருப்பது ஷாங்காய்க்கு அருகேயுள்ள சூசௌ பக்கத்திலிருந்து போன, எண்ணெயில் ஊறவைத்த களிமண் கற்கள். ஆத்தங்குடிக் கல்லில் வளர்ந்தவர்கள் ஒரு நிமிடமாவது குனிந்து பார்ப்பார்கள். உயர்ந்த நிலைப்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும் என்பதை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹூதோங் எனப்படும் சந்துகளில் உள்ள பழைய வீடுகளையும் விடாதீர்கள். நாலு பக்கமும் கட்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம். ஆனால் வாசல் தென்கிழக்கு மூலையில் இருக்கும், உள்ளே நுழைந்ததும் ஒரு மறைப்புச் சுவர். நம் வீட்டு முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை தெரியும், அங்கே சுவர்தான் தெரியும். அரசன் நம் கணக்கில் கட்டினான், குடிமக்கள் வேறு கணக்கில் கட்டினார்கள்.

அரண்மனையில் பலர் ஏமாறுவது டிக்கெட்டில். வாசலில் போய் நின்று வாங்க முடியாது. ஏழு நாள் முன்னதாக, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு, அதாவது நம் நேரம் மாலை 5.30-க்கு இணையத்தில் விற்பனை திறக்கும். நல்ல பருவத்தில் சீக்கிரமே தீர்ந்துவிடும். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் சிக்கல்தான். நகல் செல்லாது, அசல் வேண்டும். பொது விடுமுறை தவிர மற்றத் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கில் வெளியேறுவதுதான் வழக்கம், எனவே வண்டிக்காரரைத் தெற்கில் காத்திருக்கச் சொல்லாதீர்கள். தியானன்மென் சதுக்கத்துக்குத் தனியாக முன்பதிவு வேண்டும்.

பெருஞ்சுவரின் பாதாலிங் பகுதிக்குப் போனால் ரயில் வசதி உண்டு, கூட்டமும் உண்டு. பெய்ஜிங்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியுள்ள முதியான்யூ பகுதி நல்லது, காரிலோ பேருந்திலோ போக வேண்டும். அங்கே ஏறுவதற்கு இரண்டு வழி: மூடிய கேபிள் கார் 14-ஆம் காவல் கோபுரத்தருகே விடும், திறந்த நாற்காலி 6-ஆம் கோபுரத்தருகே விடும். சறுக்கு வண்டியில் இறங்க ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால் நாற்காலி டிக்கெட் எடுங்கள். சறுக்குப் பாதை அங்கேதான் தொடங்குகிறது.

முழங்கால் வலியுள்ள ஆச்சியையும் அப்பச்சியையும் கூட்டிப்போகிறீர்கள் என்றால் என் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறேன், ஷாங்காய்தான். பண்ட் எனப்படும் ஆற்றங்கரையில் உட்கார்ந்தபடியே 1923-இல் கட்டிய ஹாங்காங் வங்கிக் கட்டடத்தையும் 1929-இன் சசூன் ஹவுஸையும் பார்க்கலாம். நம் ஊரில் 1930-களில் எழுந்த முகப்புகளில் உள்ள, ஆர்ட் டெகோ எனும் அக்காலக் கட்டடப் பாணியின் கோடுகள் அங்கே கருங்கல்லில் நிற்கின்றன. தோட்டங்களுக்குப் பேர்போன சூசௌ அரை மணி ரயில் தூரம். பூடோங் விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டரை எட்டே நிமிடத்தில் கடக்கும் காந்த ரயில் உண்டு, ஆனால் அது ஊர் நடுவே போவதில்லை. லோங்யாங் சாலையில் இறங்கி மெட்ரோ பிடிக்க வேண்டும். ஹோங்சியாவ் என்று இன்னொரு விமான நிலையம் மேற்குக் கோடியில் இருக்கிறது. டிக்கெட்டில் எது என்று பார்க்காமல் கிளம்பினால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மெட்ரோவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எப்போது போவது? காலாண்டுத் தேர்வு விடுமுறை அக்டோபர் முதல் வாரத்தில் விழும், அது சீனாவின் தேசிய விடுமுறை வாரம். மே முதல் வாரமும் அப்படித்தான். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பொங்கல் சமயத்தில் பெய்ஜிங் உறைநிலைக்குக் கீழே இருக்கும். ஷாங்காயில் குளிர் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் எலும்பில் இறங்கும் ஈரக்குளிர். ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை ஷாங்காயில் விடாத மழை. அக்டோபர் பிற்பாதி இரண்டு ஊருக்கும் பொன்னான காலம்.

பத்து நாள் விசா இல்லாமல் இருக்கலாம் என்று யூடியூபில் சொல்வது 240 மணி நேர இடைத்தங்கல் சலுகை. அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ள உறவினர்கள் 30 நாள் விசா இல்லாமல் போகலாம். அவர்களோடு சேர்ந்து போகும் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு அந்தச் சலுகை வராது. குடும்பமாகத் தேதி குறிக்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு டிக்கெட் என்று பிரித்து எடுத்தால், பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி போட வேண்டிவரலாம். அதற்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். சீனாவில் மகன் வீட்டில் தங்குவோர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் பதிய வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே பதிந்துவிடுவார்கள்.

அங்கே பணம் கட்ட உதவும் அலிபே செயலியில் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை ஊரிலேயே ஏற்றிவிடுங்கள், வங்கியிடம் சொல்லி வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் கட்டினால் 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். வாட்ஸ்அப், கூகுள் அங்கே ஓடாது, நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் ஓடும். ஓடிபி வரவும் அது தேவை.

சைவர்கள் பௌத்தக் கோயில்களை ஒட்டிய உணவகங்களைத் தேடலாம், வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். அசைவக்காரர்களுக்குச் சீரகமும் மிளகாயும் தூவிய ஆட்டுக்கறிக் கம்பி பெய்ஜிங்கில் கிடைக்கும். ஷாங்காய்ச் சமையலில் சர்க்கரை அதிகம், நம் நாக்குக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

தமிழ்க் கல்வெட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு ஊரும் உதவாது. 1281-ஆம் ஆண்டுச் சிவன் கோயில் கல்வெட்டு, தமிழும் சீனமும் சேர்ந்தது, தெற்கே ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சௌவில் கிடைத்தது. அந்த ஊர்க் கையுவான் பௌத்தக் கோயிலில் அக்காலத்துச் சிவன் கோயில் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அதற்குத் தனிப் பயணம் போட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி