‘நான்’ என்று சொல்லிப் பழகு

பினாங்கு,
ஞாயிறு மாலை

அன்புத் தோழி,

உன் குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கும்போது அம்மாவும் பக்கத்தில் இருந்தார். “பிள்ளை ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுது, உடம்புக்கு முடியலையா?” என்றார். அதெல்லாம் இல்லை, கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவத் துறைத் தலைவர் வேலைக்கு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். “அப்ப தண்ணீர்மலை முருகன் கோயில்ல ஓர் அர்ச்சனை பண்ணிடலாம்” என்று உடனே நாள் குறித்துவிட்டார். முட்டி அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அந்த 513 படியை ஏற நான் விடப்போவதில்லை. அடிவாரத்துப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வருகிறோம்.

போனில் பேசினால் நீ “சரிடி, சரிடி” என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மருத்துவமனையின் தொலைநோக்கு வாசகத்தை மனப்பாடம் செய்துவிட்டதாகச் சொன்னாய். எண்பது கேள்வி எழுதி, எண்பதுக்கும் பதில் எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னாய். இறுதியாண்டுத் தேர்வுக்கு முன் நம் அறைச் சுவர் முழுக்க நீ ஒட்டி வைத்த தாள்கள்தான் நினைவுக்கு வந்தன. அந்தத் தேர்வில் அது உன்னைக் கரை சேர்த்தது. இதில் சேர்க்காது.

ஆறு வருடமாக நான் அந்த மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரை உள்ளே அழைப்பதற்கு முன்பே மருத்துவ ஆலோசனைக் குழு கோப்பைப் புரட்டி முடித்திருக்கும். நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, இந்த ஆண்டுத் தொழில் சான்றிதழ் எடுத்தாயிற்றா, தொடர்கல்விக்கான 20 புள்ளி சேர்ந்திருக்கிறதா, இழப்பீட்டுக் காப்புறுதி இருக்கிறதா என்று பார்த்து வைத்துவிடுவோம். 2017 ஜூலையில் மருத்துவத் திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்ததிலிருந்து பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் இந்த வடிகட்டல் வாசலிலேயே முடிந்துவிடும். நீ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது உனக்கு வைத்தியம் தெரியும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்காது. நிமோனியாவுக்கு என்ன மருந்து என்று கேட்க மாட்டார்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஏதாவது தப்பாகப் போனால் இவள் என்ன செய்வாள், யாரிடம் சொல்வாள், மறுநாள் காலையில் எப்படி நடந்துகொள்வாள் என்பதைத்தான் தேடுவார்கள்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

பினாங்குக்கு வருவதற்கு முன் கோலாலம்பூரில் ஒரு நேர்முகத்துக்குப் போனேன், நினைவிருக்கிறதா? ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று உன்னிடம் சொன்னேன். உண்மையில் நான் தேறவில்லை. குழுவில் ஒரு மூத்த மருத்துவர் இருந்தார். நீங்கள் சரியாகக் கையாளாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார். நான் தயார் செய்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வேன், அதுதான் என் குறை என்றேன். அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. அந்தப் பேனா மூடிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அவர் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கேள்விக்கான நோயாளி யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கும் தெரியும். நாம் ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருந்த வருடம். அப்போது ஒரே வருடம்தான், இப்போதுபோல் இரண்டு வருடம் இல்லை. டிங்கிக் காய்ச்சல் வார்டில் கட்டில் போதாமல் நடைபாதையில் மடக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது, நான்காம் நாள் காய்ச்சல். காலையில் ரவுண்ட்ஸ் போனபோது காய்ச்சல் விட்டிருந்தது, எழுந்து உட்கார்ந்து என்னோடு பேசினான். “தேறி வருகிறார்” என்று கோப்பில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். காய்ச்சல் இறங்குகிற அந்த ஒரு நாள்தான் டிங்கியில் ரத்தக்குழாய் கசிகிற நாள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் ஏறியிருந்தது, ரத்தத் தட்டணுவான பிளேட்லெட் இறங்கியிருந்தது, இரண்டு எண்ணும் அதே தாளில் என் கண் முன்னால் இருந்தன. வயிற்று வலி என்று அவன் சொன்னதையும் பசி என்று எடுத்துக்கொண்டேன். மதியம் வார்டுத் தாதி, ஒரு மிஸ்ஸி வந்து, “டாக்டர், கை கால் எல்லாம் சில்லுனு இருக்கு, வந்து பாருங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் இழுத்திருக்காவிட்டால் அவன் போயிருப்பான். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் கிடந்து பிழைத்தான்.

இரண்டாவது நேர்முகம் இங்கே பினாங்கில். அதே கேள்வி வந்தது. இந்த முறை அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். நாக்கு உலர்ந்துபோயிற்று, ஆனாலும் சொன்னேன். உடனே மூன்று கேள்வி கேட்டார்கள். யாரிடம் சொன்னீர்கள்? அதன் பிறகு எதை மாற்றினீர்கள்? குடும்பத்திடம் யார் பேசியது? முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. அன்று மாலையே எனக்கு மேலிருந்த மருத்துவ அதிகாரி, என் எம்.ஓ.விடம் போய், நான் பார்க்கத் தவறிவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டாவதற்கும் இருந்தது. அன்றிலிருந்து காய்ச்சல் விட்ட எந்த டிங்கி நோயாளியையும் கையையும் காலையும் தொட்டுப் பார்க்காமல் நான் கடந்ததில்லை. என்னிடம் வருகிற ஒவ்வொரு ஹவுஸ்மேனுக்கும் முதல் வாரமே அதைக் கற்றுக்கொடுக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு, அவன் அம்மாவிடம் நான் போய்ப் பேசவில்லை, எம்.ஓ.தான் பேசினார், எனக்குத் துணிவு வரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். இன்றைக்கு என்றால் நானே போவேன் என்றும் சொன்னேன். இரண்டு நாளில் கடிதம் வந்தது.

இப்போது உன் குரல்பதிவுக்கு வருகிறேன். “பேஷன்ட் வாஸ் எஸ்கலேட்டட், அப்ரோப்ரியேட் மேனேஜ்மென்ட் வாஸ் இன்ஸ்டிட்யூட்டட்” என்று ஒரு பதிலைச் சொல்லிக் காட்டினாய். நல்ல ஆங்கிலம்தான். அதில் நீ எங்கேடி இருக்கிறாய்? யார் எழுப்பியது, யாரை எழுப்பியது, மணி என்ன? ஆங்கிலத்தில் ஆளே இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். இருபது வருடமாகக் கோப்பு எழுதி எழுதி நமக்கு அது பழகிவிட்டது. அதையே தமிழில் சொல்லிப் பார். “தகவல் தெரிவிக்கப்பட்டது, சிகிச்சை அளிக்கப்பட்டது” என்று சொன்னால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், உனக்கே கூச்சமாகிவிடும். “நான் அவருக்குப் போன் போட்டேன்” என்றுதான் வாய் தானாகப் போகும்.

அதனால் நான் சொல்வதைக் கேள். நேர்முகம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், தெரியும். ஆனால் ஒவ்வொரு சம்பவத்தையும் முதலில் தமிழில், வாய்விட்டு, யாராவது ஒருவருக்குச் சொல்லு. என்ன நிலைமை, அதில் உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆயிற்று, இந்த வரிசையில் இரண்டு நிமிடம் போதும். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னால் அந்த ‘நான்’ கூடவே வந்துவிடும். என் இரண்டாவது நேர்முகத்துக்கு முன் நான் அம்மாவிடம் சொல்லித்தான் பழகினேன்.

உனக்கு எந்தச் சம்பவம் என்று யோசிக்கவே வேண்டாம். ரவாங் தோட்டத்திலிருந்து வந்த அந்த அத்தை. நெஞ்சைக் கரிக்கிறது, வாயு பிடித்திருக்கிறது என்று சொன்னார், வயிற்றுப்புண் மருந்து கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். முதல் இ.சி.ஜி. சரியாகத்தான் இருந்தது. அவர் முகம் வேர்த்திருந்ததைப் பார்த்து, கால் மணி நேரம் கழித்து நீ இன்னொன்று எடுத்தாய். இதயத்தின் கீழ்ச்சுவர் அடைப்பு அதில் தெரிந்தது. ராத்திரி மூன்று மணிக்கு நிபுணரை எழுப்பினாய், அவர் திட்டிவிட்டுப் போனை வைத்தார். நீ திரும்பவும் அடித்தாய். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றி, ரத்த அழுத்தம் விழுந்தபோது பக்கத்திலேயே நின்றாய். இதை நீ இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய்? என்னிடம் சொன்னபோதுகூட “டீம் நல்லாப் பண்ணினாங்க” என்றுதான் முடித்தாய். டீம் தூங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது நீ.

தற்பெருமையாகிவிடுமோ என்று நீ பயப்படுவது தெரியும். பொம்பளைப் பிள்ளை தன்னைப் பற்றித் தானே பேசக்கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் துறைத் தலைவர் நாற்காலிக்கு வருகிறவள் பொறுப்பைத் தன் பெயரில் எடுத்துக்கொள்வாளா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். செய்ததையே ‘நான் செய்தேன்’ என்று சொல்லாதவள், தப்பு நடந்தால் மட்டும் ‘நான்தான்’ என்று சொல்வாளா? அவர்களுக்கு அந்தச் சந்தேகம் வரும். நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே ‘நான்’தான்.

மற்றக் கேள்விகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இளம் மருத்துவர்களைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 2016 டிசம்பரிலிருந்து அவர்களுக்கு ஒப்பந்த முறை வந்ததையும், ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்த 2021 ஜூலை 26 ஹர்த்தாலையும் நீ அரசாங்க வார்டில் நின்று பார்த்தவள். அன்று உன் வார்டுப் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு வெளியே போனபோது நீயே ஊசி எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக ரத்தம் எடுத்தாயே, அதைச் சொல். பயிற்சி, வேலை நேரம், ஒரு நிரந்தரமான இடம் என்று பிள்ளைகள் எதைக் கேட்டார்கள் என்பது உனக்கு நேரடியாகத் தெரியும். வெளியிலிருந்து வரும் எந்தப் போட்டியாளருக்கும் அது தெரியாது.

அதிக வருமானம் கொண்டுவருகிற ஒரு மருத்துவர் மிஸ்ஸிகளைப் பார்த்துக் கத்துகிறார், என்ன செய்வீர்கள் என்று எங்கள் குழுவில் எப்போதும் கேட்போம். தனியாரில் பெரும்பாலான நிபுணர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, சொந்தமாகத் தொழில் பார்ப்பவர்கள், ஆகவே அதட்டி நிறுத்த முடியாது. முதலில் அந்த மிஸ்ஸியிடம் தனியாகக் கேட்பாயா, பிறகு அவரைத் தனியாகக் கூப்பிடுவாயா, எழுதி வைப்பாயா, நோயாளிக்கு ஆபத்து என்றால் அன்றே நிறுத்துவாயா, இந்தப் படிகளைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

உன் ஆன்டிபயாட்டிக் தணிக்கையையும் மறக்காதே. கிருமித்தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுகிற செப்டிக் ஷாக்கில் முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் போகிறதா என்று பார்த்தாய், தாமதம் மருந்து அறையில் என்று கண்டுபிடித்தாய், மருந்தை அவசரப் பிரிவிலேயே வைக்கச் சொன்னாய், ஆறு மாதம் கழித்து மறுபடியும் எண்ணிப் பார்த்தாய். அந்த இரண்டாவது எண்ணிக்கைதான் முக்கியம். பாதிப் பேர் முதல் எண்ணிக்கையோடு நிறுத்திவிடுவார்கள்.

நேர்முகத்துக்கு முந்தின வாரம் அங்கே ஒரு முறை போய் வா. சொல்லிவிட்டே போ, தப்பில்லை. இயக்குநரைப் பார்ப்பதைவிட வார்டு சிஸ்டரிடம் பத்து நிமிடம் பேசு. வார்டில் ஒருவர் மோசமானால் யாரைக் கூப்பிடுகிறீர்கள், அவர் எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று கேள். அந்தப் பதிலில் அந்த மருத்துவமனை முழுக்கத் தெரியும். பதிவுக் கூடத்தில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டி வந்தால் யார் பேசுகிறார்கள் என்றும் பார்த்துக்கொள். உன் நோயாளிகளில் பலர் அவர்கள்தானே.

சேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்தச் சாம்பல் நிறப் பருத்திச் சேலையைக் கட்டு. உனக்குப் பழகியது, நடுவில் மடிப்பைச் சரி செய்துகொண்டிருக்க வேண்டாம்.

இங்கே செய்தி என்று சொன்னால், மூத்தவன் மருத்துவம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டான், கடல் உயிரியல் படிக்கப்போகிறான். எனக்கு முதலில் வருத்தம், இப்போது இல்லை. போன வாரம் பட்டர்வொர்த் போகப் புதிய ஃபெரியில் ஏறினேன். 2023-இல் வந்தவை, வேகமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கின்றன. ஆனால் நைட் டியூட்டி முடிந்து அந்தப் பழைய ஃபெரியின் மேல்தட்டில் நாம் இருவரும் காற்றில் தூங்கிக்கொண்டு போனோமே, அந்த இடம் இதில் இல்லை.

புதன்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறேன். கையில் தாள் எதுவும் இருக்கக்கூடாது. ரவாங் அத்தையில் தொடங்கு, தமிழில். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். உனக்குக் கேள்வி கேட்கப்போவது அவர்தான்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழி