தூக்குப்பாலத்தையாவது விட்டுவையுங்கள்

ஐயா,

பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்தாயிற்று. மோட்டார் போட்டு நடுப்பகுதியை அப்படியே செங்குத்தாகத் தூக்குகிறார்கள். நல்லதுதான். 1914இல் திறந்த பழைய பாலத்தைப் பிரிக்கும் பேச்சு வரும்போதுதான் மனது கேட்கவில்லை.

அதன் நடுவில் உள்ள தூக்குப்பாலம் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சரின் யோசனை. அவர் 1893லேயே இறந்துவிட்டார். பாம்பனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்! தூக்குப்பாலத்தின் இரண்டு பாதிகளை, அதாவது கைகளை, எடுத்துக்கொண்டால் இரண்டின் அடிப்பாகமும் வளைவாக இருக்கும். திறக்கும்போது ஆடு நாற்காலி சாய்வதுபோலக் கரைப்பக்கம் உருண்டு சாயும். எதிர் எடை சமன் செய்துவிடுவதால், அத்தனை டன் இரும்பையும் ஊழியர்கள் பல்சக்கரத்தைக் கையால் சுற்றியே திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் எனும் இரும்பு உத்தரங்கள் பெரும்பாலும் கடலோடு போயின, இந்தத் தூக்குப்பாலம் நின்றது. அப்புறம் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சீரமைத்ததை எல்லோரும் சொல்வார்கள். சுற்றிச் சுற்றித் திறந்த ஊழியர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சரி, மற்ற இரும்பை ஏலம் விடட்டும். தூக்குப்பாலத்தில் ஒரு கையையாவது பல்சக்கரங்களோடு மண்டபம் கரையில் நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்கும்படி ரயில்வே ஏற்பாடு செய்ய வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் சின்ன மாதிரி போதாது.

- வாசகர், மண்டபம்