எடையோடு ஈர்ப்பு மையத்தையும் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைப் பட்டறைகளில் வந்திறங்கும் லேத், மில்லிங் இயந்திரங்களின் சீட்டில் எடை இருக்கிறது. அந்த எடை எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. தூக்குபவரின் உயிரைக் காப்பதில் இரண்டாவது தகவலுக்கும் சம பங்கு உண்டு.

கொக்கியில் தொங்கும் எந்தப் பாரமும் தன் ஈர்ப்பு மையம், அதாவது எடை முழுவதும் குவிந்திருப்பதுபோல் செயல்படும் புள்ளி, கொக்கிக்கு நேர் கீழே வரும்வரை சாய்ந்துகொண்டேதான் இருக்கும். லேத்தில் ஸ்பிண்டில் எனும் சுழல்தண்டும் பல்சக்கரப் பெட்டியும் ஹெட்ஸ்டாக் எனும் தலைமுனைப் பக்கமே அமைந்திருப்பதால், நீளத்தை அளந்து நடுவில் கொக்கியை நிறுத்தினால், கனமான முனை தரையிலேயே தங்க, மறுமுனை மட்டும் எழும்பி, இயந்திரத்தைக் கொக்கியில் மாட்டும் பெல்ட் வழுக்கத் தொடங்கும்.

மையத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. 4 டன் லேத் ஒன்றின், ஹெட்ஸ்டாக்குக்கு எதிரே உள்ள டெயில்ஸ்டாக் முனையைத் தொங்கு தராசில் மாட்டி இரண்டு விரற்கடை மட்டும் உயர்த்தும்போது தராசு 1.2 டன் காட்டுகிறது, மறுமுனை ஊன்றியிருக்கும் இடம் 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 1.2ஐ 3ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 0.9 வருகிறது. அதாவது, ஊன்றிய இடத்திலிருந்து 90 சென்டிமீட்டரில் மையம் இருக்கிறது. கண்ணால் பார்த்து நடு என்று நாம் நினைத்த இடத்துக்கு அது 60 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது.

தராசு இல்லாவிட்டால், சற்றே உயர்த்தி நிறுத்தி, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்து, முழுவதும் இறக்கிய பிறகே கொக்கியைத் தாழ்ந்த பக்கம் நகர்த்த வேண்டும். லேத்தில் வெட்டுளியைத் தாங்கி நகரும் கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் ஹெட்ஸ்டாக்குக்கு எதிர் முனைக்குத் தள்ளி இறுகப் பூட்டினாலே ஓரளவு சமன் கிடைக்கும். அதை விட்டுவிட்டு, எழும்பிய முனையில் ஓர் ஆளை ஏற்றி நிறுத்தும் வழக்கம் இன்னும் தொடர்வது மிகுந்த வேதனை தருகிறது. அந்த மனிதருக்குக் கீழே பிடிமானம் எதுவும் இல்லை.

பெல்ட்டின் கோணமும் இதனுடன் சேர்ந்தது. மையம் நடுவில் இருக்கும் 4 டன் பாரத்தை, கொக்கியிலிருந்து இரு பக்கமும் இறங்கும் பெல்ட்டின் இரு கால்களில் தூக்கும்போது, கால்கள் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.3 டன் தாங்கும். 30 பாகையில் ஒவ்வொன்றும் முழு 4 டன்னைத் தாங்க வேண்டிவரும். மையம் ஒரு பக்கம் விலகியிருந்தால், அந்தப் பக்கத்துக் கால் மற்றதைவிடக் கூடுதலாகச் சுமக்கும்.

கப்பலில் செல்லும் 1,000 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட பொதிகளில் எடையைக் குறிக்க வேண்டும் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1929ஆம் ஆண்டிலேயே உருவானது. ஈர்ப்பு மையத்தைக் காட்டவும் உலகெங்கும் ஏற்கப்பட்ட பொதிக்குறி உண்டு. ஆகவே, உற்பத்தியாளர்களும் பழைய இயந்திர விற்பனையாளர்களும் இயந்திரத்தின் இரு பக்கங்களிலும் அக்குறியைப் பெயிண்டால் வரைந்தே அனுப்ப வேண்டும் என்றும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தன் ஆய்வுகளில் இதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாரம் தூக்கும் பணி மேற்பார்வையாளர்,
கோயம்புத்தூர்.