தங்கையின் தலைவலி பற்றி

அன்புள்ள நண்பா,

தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தியில் மகிழ்ந்து முடிப்பதற்குள் அடுத்த பத்தி என்னைப் பதறவைத்துவிட்டது. தலைவலிக்குக் காரணம் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதுதான், தானாகவே சரியாகிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறாய். பிறகு ஏன் மருத்துவமனையிலேயே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். வைத்திருப்பதுதான் சரி.

சுருங்கிய குழாய்கள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அதுவரை மூளை பொறுத்திருக்காது. ரத்தம் போதாமல் ஒரு பகுதி மடிந்துவிட்டால் அதுதான் பக்கவாதம். குழாய் பிறகு விரிந்தாலும் மடிந்த பகுதி உயிர்பெறாது. பெரும்பாலோருக்கு அப்படி நேர்வதில்லை. இருந்தாலும் ரத்தக் கசிவு முதல் வாரத்திலும், ரத்தம் போதாமல் வரும் பக்கவாதம் சற்றுத் தாமதமாக இரண்டாம் வாரத்திலும் வரக்கூடும். வலி குறைந்துவிட்டதே என்று வீட்டுக்கு அழைத்துவர அவசரப்படாதே.

குளிக்கப் போகவே அவள் பயப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். அது மனப்பிரமை இல்லை. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் அந்த இடி போன்ற தலைவலி, குளிக்கும்போதும் இருமும்போதும் மலச்சிக்கலில் முக்கும்போதும் அழுகையிலும் திரும்பத் திரும்ப வரும். அவள் சொல்வதை வீட்டில் எல்லோரும் நம்ப வேண்டும்.

முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்களே என்று மருத்துவர்கள் மீது கோபப்படாதே. முதல் சில நாட்களில், ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமிலும் சுருக்கம் தெரியாமல் போகலாம். பிறகுதான் குழாய் மணி கோத்ததுபோல் ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் பருத்தும் தெரியும். இதை ரத்தக் குழாய் அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்த காலமும் உண்டு. அது நிலைமையை மோசமாக்கக்கூடும் என்று இப்போது அறிந்திருக்கிறார்கள். 1988-இல் கால் (Call), ஃபிளெமிங் (Fleming) முதலிய மருத்துவர்கள் விவரித்த இந்த நோய்க்கு, ஆர்.சி.வி.எஸ். (RCVS, மீளக்கூடிய மூளை ரத்தக் குழாய்ச் சுருக்கம்) என்ற இப்போதைய பொதுப்பெயர் 2007-இல்தான் முன்வைக்கப்பட்டது.

நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிரசவத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்ட எல்லா மருந்துகளையும் எழுதி மருத்துவரிடம் கொடு. மூக்கடைப்பு மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான், மனச்சோர்வு மருந்துகள் சில, பிரசவ ரத்தப்போக்குக்குத் தரும் எர்கோமெட்ரின் ஆகியவை இந்தச் சுருக்கத்தைத் தூண்டக்கூடியவை. கடையில் தானாக வாங்கிய சளி மருந்தையும் விட்டுவிடாதே. அதேசமயம் எதையும் நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது.

வாய் கோணினால், பேச்சு குழறினால், கை தளர்ந்தால், பார்வை மங்கினால், வலிப்பு வந்தால் அந்த நொடியே செவிலியரை அழைக்க வேண்டும். இதை இரவில் துணைக்கு இருப்பவரிடம் இன்றே சொல்லிவிடு. அடுத்த ஆஞ்சியோகிராம் எப்போது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்