ஜி.ஆர்.இ. கட்டுரைக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்வி மலரில், வெளிநாட்டு மேல்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வு பற்றி எழுதியவர் கணக்குக்கும் சொற்பட்டியலுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, கட்டுரைப் பகுதியை இரண்டே வரியில் முடித்துவிட்டார். பழைய வண்ணாரப்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவள் நான். என்னிடம் வரும் இன்ஜினீயரிங் பிள்ளைகள் பயப்படுவதே அந்தப் பகுதிக்குத்தான்.

2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபோது இரண்டு கட்டுரைகள் ஒன்றாகிவிட்டன. அடுத்தவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும் 'ஆர்கியுமென்ட்' இப்போது கிடையாது. ஒரு பொதுக் கருத்தைப் பற்றி நம் நிலையைச் சொல்லி வாதிடும் 'இஷ்யூ' மட்டும்தான், 30 நிமிடம். மூர் மார்க்கெட்டில் பாதி விலைக்கு வாங்கிய பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு, இல்லாத கட்டுரைக்காக இன்னமும் மாய்கிறார்கள், பாவம்.

வரக்கூடிய தலைப்புகள் அத்தனையையும் தேர்வு நடத்தும் இ.டி.எஸ். தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அதற்காக எல்லாவற்றுக்கும் கட்டுரை நெட்டுருப் போட்டால் வேலைக்கு ஆகாது. கல்வி, அரசு, தொழில்நுட்பம் என்று சுற்றிச் சுற்றித்தான் கேட்கிறார்கள். தினம் இரண்டு தலைப்பு எடுத்து, நம் நிலை என்ன, அது எங்கே பொருந்தாது, என்ன உதாரணம் என்று துண்டுச்சீட்டில் குறித்தால் போதும்.

உதாரணத்துக்கு ஐன்ஸ்டீன் வரை போக வேண்டாம். தொழில்நுட்பத்தை நம்பி நம்பி மனிதனின் யோசிக்கும் திறன் மங்கிவிடுமா என்று ஒரு தலைப்பு. காசிமேட்டுப் பையன் ஒருவன் தன் அப்பாவின் படகை எழுதினான். ஜி.பி.எஸ். இடத்தைக் காட்டும், ஆனால் கடலில் ஓடும் நீரோட்டம் வன்னி வெள்ளமா தெண்டி வெள்ளமா என்று பார்த்து வலை விடுவது அப்பாதான். கருவி எதைச் செய்கிறது, மனிதன் எதைச் செய்கிறான் என்று பிரித்துக் காட்டிவிட்டான் அல்லவா? அதுதான் கட்டுரை.

அப்புறம் என் தொழில். தேர்வுக் கணினியில் எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு விழாது. கட்டைவிரலால் போனில் தட்டிப் பழகியவர்களுக்கு அங்கேதான் நேரம் போகிறது. தட்டச்சுத் தேர்வின் லோயர் கிரேடு வேகம், நிமிடத்துக்கு 30 சொல், இருந்தாலே தாராளம். ஐந்து நிமிடம் யோசித்து, இருபது நிமிடம் அடித்து, மீதியில் பிழை திருத்தலாம். வாரம் இரண்டு முறையாவது கடிகாரத்தை வைத்துக்கொண்டு இப்படி அடித்துப் பார்க்க வேண்டும்.

கல்வி மலரில் வாரம் ஒரு தலைப்பும், வாசகர் எழுதியதில் ஒரு கட்டுரையும் திருத்தங்களோடு போடுங்களேன். கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு தட்டச்சு ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை