ஐந்தாவது ஆல்பம் எங்கே? எஃப்எம் ஸ்டாடிக் இருவருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ட்ரெவர் மெக்நெவன், ஸ்டீவ் அகஸ்டின் இருவருக்கும்,

நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை, தெரியும். ஆனாலும் தமிழில் எழுதினால்தான் எனக்குப் பாசமும் கோபமும் சரியான அளவில் வரும்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். நீங்கள் இருவரும் நடத்துகிற எஃப்எம் ஸ்டாடிக் குழுவின் ஐந்தாவது ஆல்பம் எங்கே? நாலாவது வந்தது 2011இல். அதிலிருந்து காத்திருக்கிறோம்.

எஃப்எம் ஸ்டாடிக் என்று யார் சொன்னாலும் கூடவே 'தௌசண்ட் ஃபுட் க்ரட்ச் குழுவின் சைடு பிராஜெக்ட்' என்று ஒரு வால் ஒட்டிக்கொள்கிறது. பொய்யில்லை. கனடாவில் அந்தப் பெரிய குழுவை நடத்திக்கொண்டே ஓரமாக ஆரம்பித்ததுதான் இது. இடிக்கிற கிட்டார், நடுவே ராப் என்று போய்க்கொண்டிருந்த அங்கே, பங்க் ராக்கின் வேகமும் பாப்பின் இனிமையும் கலந்த துள்ளலான பாப் பங்க் மெட்டுகளுக்கு இடம் கிடைத்திருக்காது. சரி, ஆனால் வருஷங்களை ஒருமுறை பாருங்கள். 2003இல் அங்கே 'ஃபினாமினன்', இங்கே 'வாட் ஆர் யூ வெய்ட்டிங் ஃபார்?'. 2009இல் அங்கே 'வெல்கம் டு த மாஸ்கரேட்', இங்கே 'டியர் டைரி'. ட்ரெவரின் அதே குரல், ஸ்டீவின் அதே டிரம்ஸ், டூத் அண்ட் நெயில் என்ற அதே இசை நிறுவனம், ஒரே வருஷத்தில் இரண்டு ஆல்பம், அதுவும் இரண்டு தடவை. ஓய்வு நேரத்தில் விளையாட்டாகச் செய்கிறவர்கள் இந்த அளவுக்கு உழைப்பார்களா?

எங்கள் ஊர்க் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போவார்கள். அதைக் கேட்பதற்கென்றே வந்தவர்கள் சிலர் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள். உங்கள் சைடு பிராஜெக்ட் விஷயத்தில் நான் அந்த இரண்டாவது கோஷ்டி.

'டியர் டைரி'யைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் என் வழக்கே அதை வைத்துத்தான். பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற ஒரு பையன், அவன் டைரிப் பக்கங்களாக ஒவ்வொரு பாட்டும். புது ஊருக்கு வருகிறான், காதலிக்கிறான், தன்னையே மறந்து திரிகிறான், நடுவில் கடவுளிடம் பேசுகிறான். அந்த வயசில் ஜெபத்துக்கென்று யாரும் தனியாக நேரம் ஒதுக்குவதில்லை, காதல் தோல்விக்கும் பரீட்சைக்கும் நடுவில் எங்கேயோ அது வந்துபோகும், அதை அப்படியே விட்டிருக்கிறீர்கள். அப்புறம் 'டுநைட்'. இல்லாமல் போன ஒருத்தியை நினைத்து ஏங்குகிற அந்தப் பாட்டில், விழுந்து கிடக்கிறவன் தூக்கிவிடச் சொல்லிக் கேட்கிற கை அவளுடையதா கடவுளுடையதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பிடிபட வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

எங்கள் சபையில் ஒரு பெரியவர், வாலிபர் கூடுகைக்குப் போகும் வேனில் இதைக் கேட்டுவிட்டு, "தம்பி, இதில் கர்த்தருடைய பேர் எங்கே வருகிறது?" என்று கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு என்றால், "ஐயா, அந்தப் பையன் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறான் என்று பாருங்கள்" என்றிருப்பேன். (அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அது வேறு.)

இதே டூத் அண்ட் நெயில்தான் 1994இல் எம்எக்ஸ்பிஎக்ஸ் என்ற கிறிஸ்தவ பங்க் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. விசுவாசமும் பங்க்கும் ஒன்றாக ஓடும் என்பதை நிரூபிக்கிற வேலை உங்களுக்கு மிச்சமில்லை, அவர்களே அதை முடித்துவிட்டார்கள். உங்கள் பாட்டுகளில் தெரிகிற நிம்மதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பெரிய குழுவின் மேல் இருக்கிற எதிர்பார்ப்பு இதன் மேல் இல்லை என்பது இன்னொரு காரணம். ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காதபோது ரேடியோவில் வரும் கரகரப்பைப் பெயராக வைத்துக்கொண்டவர்களிடம் யார் போய்ப் பளபளப்பைக் கேட்கப் போகிறார்கள்?

அதனால் 'மாபெரும் மறுவருகை' எதுவும் எனக்கு வேண்டாம். ஸ்டேடியம் வேண்டாம், ஆர்கெஸ்ட்ரா தயவுசெய்து வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றும் மூன்று நிமிஷத்துக்கு மிகாமல் பத்துப் பாட்டு போதும். பணம்தான் சிக்கல் என்றால், 2012இல் பெரிய குழுவுக்கு வழி கண்டுபிடித்தது நீங்கள்தானே, நிறுவனத்தை விட்டு வெளியே வந்து கிக்ஸ்டார்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் ரசிகர்களிடமே பணம் கேட்டு ஆல்பம் போட்டீர்கள். அதே கதவை இதற்கும் ஒருமுறை திறந்து பாருங்கள், முதல் நாளே என் பங்கு வந்து சேரும்.

டைரி எழுதின அந்தப் பையனுக்கு இப்போது முப்பதைத் தாண்டியிருக்கும். வீட்டுக் கடன், முதுகு வலி, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதா தூங்குவதா என்ற இழுபறி எல்லாம் வந்திருக்கும். அவனைப் பற்றி எழுதுங்கள். ஸ்டீவ், வேகத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள், வயசானது அவனுக்குத்தான்.

அன்புடன்,
கச்சேரியின் நடுவில் காபிக்கு எழுந்து போகாத ஒருவன்