அப்பா கடலில், ஓடிபி அவர் போனில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்துவிட்டால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி கேட்கும்: "அப்பா எப்போ டவருக்குள்ள வருவாரு?" பிளஸ் டூ முடிவு வந்து, கல்லூரி விண்ணப்பம், வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று பிள்ளைகள் ஓடுகிற நேரம் அது. எல்லாம் ஆன்லைன். எல்லாவற்றுக்கும் ஓடிபி.

இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரை அடுத்தடுத்து 8 ஊர்கள், ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போடுவதில் பெயர் பெற்றவை. தேங்காய்ப்பட்டணத்திலோ கொச்சியிலோ படகு ஏறினால் திரும்பிவர ஒரு மாதம், சில நேரம் அதற்கும் மேலே. மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1-ஆம் தேதிதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கடைசி ஓட்டத்தை யாரும் விடுவதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு அப்பா மிகவும் தேவைப்படும் மே மாதத்தில் அப்பாக்கள் கரையில் இருப்பதில்லை. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பதிந்திருப்பது பெரும்பாலும் அவர்கள் எண்தான். மீன் விற்ற கணக்கு பார்ப்பதும் வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் அதே போனில் என்பதால், அதைக் கரையில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சென்ற ஆண்டு என்னிடம் படித்த பெண் ஒருத்தி முதல் பட்டதாரிச் சான்றுக்காக அலைந்தபோது நானும் கூடப் போனேன். குடும்பத்தின் பழைய பதிவு அப்பா எண்ணில் இருந்தது. மூன்று முறை ஓடிபி அனுப்பினார்கள். மூன்றும் எங்கேயோ அரபிக்கடலில் இருந்த போனுக்குப் போய், 10 நிமிடத்தில் செல்லாமல் போயின. அவள் அழவில்லை. "சரி டீச்சர், அப்பா வரட்டும்" என்றாள். அப்பா கரையேறிச் சான்று கைக்கு வந்தபோது ஜூன் பாதி போய்விட்டது.

கல்லூரி விண்ணப்பமாவது காத்திருக்க வேண்டாம் என்று கணினி மையத்துத் தம்பி தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டு முடித்துக் கொடுத்தார். நல்ல பையன்தான், உதவி செய்யத்தான் நினைத்தார். ஆனால் 17 வயதுப் பெண்ணின் ஆதார், வங்கிப் புத்தகம், மதிப்பெண் பட்டியல், புகைப்படம் எல்லாம் அவர் வாட்ஸ்அப்பில் கிடக்கின்றன. கடவுச்சொல்லும் அவர் வைத்ததே. இந்த ஒரு கடையில் மட்டும் இப்படி எத்தனை பிள்ளைகளுடைய தாள்கள் இருக்கும் என்று அன்று இரவு யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். அந்த உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் கைவிட்டுப் போகிறது என்பதை அந்தக் கடையில்தான் பார்த்தேன். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்த ஒப்புதலையும் கடலில் இருக்கும் அதே போனில் கேட்டால் பிள்ளை என்ன செய்யும்?

ஒக்கி புயலில் அப்பாவை இழந்த பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஆரம்பப் பள்ளியில் இருந்த குழந்தைகள் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அப்பாவோடு அவர் எண்ணும் போயிற்று. ரீசார்ஜ் செய்யாத எண்ணைச் சில மாதங்களில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். பதிவில் மட்டும் பழைய எண் அப்படியே இருந்தால், இவர்களுக்கு வர வேண்டிய ஓடிபி முன்பின் தெரியாதவர் போனில் விழும்.

மலைப்பக்கம் பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் அப்பா பக்கத்திலேயே இருப்பார், டவர்தான் கிடைக்காது. சரி, அம்மா எண்ணை ஆதாரில் மாற்றிவிடலாமே என்றால் ஆதார் மையத்தில் பெரும்பாலும் விரல் வைக்கச் சொல்கிறார்கள். முந்திரி ஆலையில் வருடக்கணக்காகக் கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டு ரேகை தேய்ந்த விரல்களை இயந்திரம் எளிதில் ஏற்பதில்லை.

நான் ஆன்லைனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு விண்ணப்பத்துக்காக அதிகாலை பஸ் பிடித்து நாகர்கோவில் போய்ச் சாயங்காலம் வரை வரிசையில் நின்ற காலம் எனக்கு மறக்கவில்லை. முகத்தில் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில், கண் சிமிட்டினால்தான் அடையாளம் சரிபார்ப்போம் என்ற முறையால் அவர்கள் வெளியே தள்ளப்படுவதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் கண்டித்தது. டிஜிட்டல் சேவைகளை எட்டுவதும் வாழும் உரிமையின் பகுதி என்றும், மாற்று வழி வேண்டும் என்றும் சொன்னது. கண் சிமிட்ட முடியாதவருக்கு மாற்று வழி உண்டென்றால், அப்பா கடலில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்று வேண்டும்.

அது பெரிய காரியமும் இல்லை. ஓடிபி வராதபோது தலைமையாசிரியரோ கிராம நிர்வாக அலுவலரோ நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும் என்று ஓர் ஆணை போடலாம். 15 வயதில் பிள்ளைகள் ஆதாருக்கு எப்படியும் மறுபடி கைரேகை கொடுத்தாக வேண்டும். பள்ளியில் அதற்கான முகாம் நடக்கும்போதே கரையில் இருக்கும் ஒருவர் எண்ணைப் பதியலாம். கணினி மையங்கள் வேலை முடிந்ததும் பிள்ளைகளின் தாள்களை அழிக்கின்றனவா என்று மாவட்ட நிர்வாகம் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் இப்போது நாகர்கோவிலில் படிக்கிறாள். அந்த விண்ணப்பத்தில் போட்ட எண்ணே எல்லா இடத்துக்கும் போய்விட்டதால், உதவித்தொகை வந்ததா என்று பார்க்கக்கூட அந்தக் கடைக்காரரை அழைத்து ஓடிபி கேட்க வேண்டியிருக்கிறது. இரவில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் மறுநாள் கடை திறக்கும்வரை காத்திருக்கிறேன் என்று போன வாரம் என்னிடம் சொன்னாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கன்னியாகுமரி மாவட்டம்